வேர் புகுந்த குழாய்: கண்டறிவதும் சீர்செய்வதும்

கழிப்பறையில் தண்ணீர் இழுத்தால் இறங்க மறுக்கிறது. பிளம்பர் வந்து ஸ்பிரிங் இயந்திரத்தை உள்ளே விட்டுச் சுழற்றுகிறார். கைப்பிடி வேர் வெளியே வருகிறது, தண்ணீரும் இறங்குகிறது. கூலி கொடுத்து அனுப்புகிறோம். சில மாதம் கழித்து, தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும் நேரத்தில், அதே இடத்தில் மறுபடி அடைத்துக்கொள்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய தாமான்களில் பல குடும்பங்கள் பட்ட அனுபவம் இது.

இந்த அத்தியாயத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். வேரை வெட்டினால் அடைப்பு நீங்கும். பழுது அப்படியேதான் இருக்கும். வேர் நுழைந்த வாயை மூடினால்தான் வேலை முடிந்ததாகும். இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், எந்தச் செலவு தேவை, எது வீண் என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

வேர் ஏன் வருகிறது?

இணைப்புகள் இறுக்கமாக இருக்கும் முழுக் குழாயை வேர் துளைப்பதில்லை. எங்கோ ஓர் இணைப்பு விட்டிருக்கும், அல்லது விரிசல் கண்டிருக்கும். அங்கிருந்து கசியும் ஈரமும் சத்தும் சுற்றியுள்ள மண்ணில் பரவும். வேர் நுனி ஈரத்தை ஒட்டி வளரும். மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் நுழைந்துவிடும். குழாய்க்குள் தண்ணீர், காற்று, உரம் மூன்றும் இருப்பதால் அங்கே கொத்தாகப் படரும். நுழைந்த இழை பருக்கப் பருக்க இணைப்பை நெம்பி அகட்டும். அகன்ற வாயில் இன்னும் பல வேர்கள் நுழையும்.

நம் பகுதியில் இதற்கு மூன்று காரணங்கள் கூடுதலாகச் சேர்கின்றன.

முதலாவது, பழைய சுட்ட மண் குழாய்கள். இவை குட்டையான துண்டுகளாக வருவதால் இணைப்புகள் அதிகம். பழைய இணைப்புகளில் சிமெண்டுக் கலவைதான் பூசியிருப்பார்கள். நிலம் சற்று அசைந்தாலும் அது வெடித்துவிடும். பிறகு வந்த ரப்பர் வளைய இணைப்புகள் அசைவைத் தாங்கும்.

இரண்டாவது, மண். 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சீரழித்த பிறகு, நகரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டினார்கள். அந்தச் செங்கல்லை அறுத்த சூளைகள் இருந்த இடம் என்பதால்தான் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர். செங்கலுக்குத் தோதான களிமண் தண்ணீரை எளிதில் இறங்க விடாது. கசியும் இணைப்பைச் சுற்றி ஈரம் தங்கிவிடும். கிள்ளானில் நிலைமை வேறு. அங்கே பல இடங்களில் அடியில் இருப்பது ஆழமான, மென்மையான கடற்களிமண். வீடு பைலிங் தூண்கள் மேல் நிற்பதால் இறங்காது. ஆனால் கார் நிறுத்தும் தளமும் அதற்கு அடியில் ஓடும் குழாயும் ஆண்டுக்காண்டு இறங்கும். ஆகவே குழாய் சுவரை விட்டு வெளியே வரும் இடத்தில் முறிவது கிள்ளானில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. வாசல் தளம் வீட்டிலிருந்து பிரிந்து கீழே இறங்கியிருந்தால் முதலில் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, தட்பவெப்பம். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. குளிர் நாடுகளில் மரங்கள் சில மாதம் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். இங்கே அப்படி ஓய்வுக் காலம் கிடையாது. வெட்டிய வேர் உடனே துளிர்க்கும்.

மரங்களில் அதிகக் கவனம் வேண்டியவை அரசு, ஆல் போன்ற அத்தி இனங்கள். பறவை எச்சத்தில் வந்து சுவர் வெடிப்பில் முளைக்கும் சிறு அரசங்கன்றைக்கூட உடனே பிடுங்கிவிட வேண்டும். சாலையோர அங்சானாவும் தூங்குமூஞ்சியும் பரந்து வேர் விடுபவை. வீட்டு மாமரமும் நாவலும் குழாய்க்கு அருகில் இருந்தால் தொல்லைதான். தென்னையின் வேர்கள் மெல்லியவை, பருத்து நெம்புவது குறைவு. ஆனாலும் திறந்த இணைப்பு கிடைத்தால் அவையும் நுழையும்.

அறிகுறிகள்

- கீழ்த்தளக் கழிப்பறையில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. மாடியில் பிரச்சினை இல்லை.
- துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது குளியலறைத் தரைத்துளையில் களகளவென்று சத்தம் கேட்கிறது.
- ஒரு கழிப்பறையில் தண்ணீர் இழுத்தால் இன்னொன்றில் மட்டம் ஏறி இறங்குகிறது.
- முற்றத்தில் ஒரு திட்டுப் புல் மட்டும் எப்போதும் செழிப்பாக இருக்கிறது, அல்லது தரை ஓடு ஓரிடத்தில் உள்வாங்குகிறது.
- கரப்பானும் எலியும் திடீரென்று பெருகுகின்றன.
- கனமழை நாளில் அடைப்பு மோசமாகிறது. உடைந்த குழாய்க்குள் மண்ணீர் புகுகிறது என்பதற்கு இது அடையாளம்.

ஒரே ஒரு தொட்டியோ குழாயோ அடைத்தால் அது பெரும்பாலும் முடியும் எண்ணெயும்தான். வீட்டின் பல இடங்களில் ஒன்றாகத் தொல்லை வந்தால் வெளிக்குழாயைப் பாருங்கள்.

யார் குழாய், யார் பொறுப்பு?

பணம் செலவழிக்கும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 1994 முதல் மலேசியாவின் பெரும்பாலான பொதுக் கழிவுநீர் அமைப்பைப் பராமரித்து வருவது இண்டா வாட்டர் நிறுவனம். 2006-ஆம் ஆண்டின் நீர் சேவைத் தொழில்துறைச் சட்டத்தின்கீழ் தேசிய நீர் சேவை ஆணையமான ஸ்பான் அதைக் கண்காணிக்கிறது. பொதுக் குழாயும் பொது மேன்ஹோலும் இண்டா வாட்டரின் பொறுப்பு. வீட்டுக்குள் இருக்கும் குழாய்கள், முற்றத்துச் சோதனைக் குழிகள், அங்கிருந்து பொதுக் குழாயில் சேரும் வரையுள்ள இணைப்புக் குழாய் ஆகியவை வீட்டுக்காரரின் பொறுப்பு. வேரை அனுப்பியது சாலையோர மரமாக இருந்தாலும், உடைந்தது உங்கள் இணைப்புக் குழாய் என்றால் அதைச் சரிசெய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

அடைப்பு எந்தப் பக்கம் என்று அறிய எளிய வழி உண்டு. முற்றத்துச் சோதனைக் குழியின் மூடியைத் திறந்து பாருங்கள்.

1. குழி வறண்டிருந்தால் அடைப்பு குழிக்கும் வீட்டுக்கும் நடுவே.
2. குழி நிரம்பியிருந்தால் அடைப்பு குழிக்குக் கீழ்ப்புறம். அடுத்த குழி இருந்தால் அதையும் பாருங்கள். நிரம்பிய குழிக்கும் வறண்ட குழிக்கும் இடையில்தான் அடைப்பு.
3. எல்லாக் குழிகளும் நிரம்பி, பக்கத்து வீட்டிலும் இதே தொல்லை என்றால் பொதுக் குழாயில் கோளாறு இருக்கலாம். இண்டா வாட்டரிடம் புகார் கொடுத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்சந்திலோ சாலையிலோ உள்ள பொது மேன்ஹோலை நீங்களே திறக்காதீர்கள்.

மூடியைத் திறக்கும்போது கையுறையும் பூட்சும் அணியுங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் தொற்றக்கூடும். குழிக்குள் தலையை நீட்டாதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

சமையலறையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டிய வீடுகளில் சோதனைக் குழியே கண்ணில் படாது. டைல்ஸுக்கு அடியில் புதைந்திருக்கும். வீட்டின் பழைய வரைபடத்தைத் தேடுங்கள். அது இல்லையென்றால் மாற்றம் செய்யாத பக்கத்து வீட்டில் குழி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வரிசை வீடுகள் ஒரே அச்சில் கட்டப்பட்டவை என்பதால் உங்கள் குழியும் அநேகமாக அதே தூரத்தில்தான் இருக்கும்.

முதலில் பாருங்கள், பிறகு தோண்டுங்கள்

பிளம்பரை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, அடைப்ப எடுத்த பிறகு கேமரா விட்டுக் காட்டணும். வீடியோவும் எனக்கு வேணும்." கேமரா இல்லாதவர் என்றால் அதை வைத்திருப்பவரை அழையுங்கள். பின்னால் வரும் முடிவுகள் எல்லாம் அந்த வீடியோவை நம்பித்தான் எடுக்கப்படும்.

திரையில் என்ன பார்ப்பது? மூலையில் ஓர் எண் ஏறிக்கொண்டே போகும். கேமரா சென்ற தூரம் அது. சுட்ட மண் குழாயில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு வளையமாகத் தெரியும். நல்ல இணைப்பில் வளையம் சீராக இருக்கும். விட்டுப்போன இணைப்பில் முதலில் தெரிவது மேல்பாதியிலிருந்து தொங்கும் வெளிர்பழுப்பு இழைகள். அடுத்த கட்டத்தில் அவை தேங்காய் நார் போலத் திரண்டு, டிஷ்யூ தாளையும் எண்ணெய்க் கசடையும் பிடித்துவைத்திருக்கும். நல்ல பாதையில் போகும் கேமரா திடீரென்று தண்ணீருக்குள் மூழ்கி, சில அடி கழித்து மறுபடி வெளியே வந்தால், அந்த இடத்தில் குழாய் தொய்ந்திருக்கிறது. இந்தத் தொய்வை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கும் முறையை அதுதான் முடிவு செய்யும்.

ஒவ்வொரு கோளாறும் எத்தனையாவது மீட்டரில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். கேமராவின் தலையில் சமிக்ஞைக் கருவி இருந்தால் தரைமேல் அதன் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அங்கே சாக்கட்டியால் அடையாளம் போட்டுப் படம் எடுத்து வையுங்கள்.

அடைப்பை நீக்குதல்

ஸ்பிரிங் இயந்திரம் அடைப்பில் துளை போட்டுத் தண்ணீருக்கு வழி விடும். சுவரோரம் வேர் மிஞ்சும். வேர் வெட்டும் தலை பொருத்திய உயரழுத்த நீர்ப்பீச்சு குழாயின் முழு வட்டத்தையும் சுத்தம் செய்யும். ஆனால் நொறுங்கிய குழாயில் அழுத்தம் அதிகமானால் துண்டுகள் பெயர்ந்து விழும். எனவே மெதுவாக வழி திறந்து, கேமராவில் பார்த்து, பிறகு முழுச் சுத்தம் செய்வதே முறை.

காஸ்டிக் சோடாவோ அமிலமோ ஊற்றாதீர்கள். அடைப்பின் முன்னால் தேங்கி நிற்கும் அந்தத் திரவம், பிறகு வேலை செய்ய வருபவர் முகத்தில் தெறிக்கும். மயில்துத்தமும் வேண்டாம். அது இருக்கும் வேரின் ஒரு பகுதியைக் கொல்லலாம், வாயை மூடாது. செப்டிக் டேங்கிலும் சுத்திகரிப்பு நிலையத்திலும் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களை அது கொன்றுவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஒரு தொழிலாளியை மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறங்கச் சொல்லாதீர்கள். அவரே முன்வந்தாலும் தடுத்துவிடுங்கள். ஹைட்ரஜன் சல்பைடு வாயு செறிவாக இருந்தால் மூக்கு அதன் நாற்றத்தையே உணராது. ஆள் நொடியில் சாய்ந்துவிடுவார், காப்பாற்றக் குதிப்பவரும் சாவார். இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புச் சாதனங்கள் இன்றிச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. வீட்டுக் குழாய் வேலை முழுவதையும் மேலே நின்றே செய்துவிடலாம்.

பழுதுபார்க்கும் வழிகள்

*உள்ளுறை போடுதல்.* பிசினில் தோய்ந்த துணிக்குழாயைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்றோ நீரோ கொண்டு விரித்து இறுகவைப்பார்கள். 1971-இல் லண்டனில் எரிக் வுட் முதன்முதலில் செய்து காட்டிய முறை இது. தளத்தையோ டைல்ஸையோ உடைக்க வேண்டியதில்லை. இணைப்புகள் அனைத்தும் ஒரே உறைக்குள் மூடப்படுகின்றன. குழாய் தன் வடிவத்தில் நின்று, விரிசலும் வேரும் மட்டுமே பிரச்சினை என்றால் இது நல்ல வழி. ஓரிரு இணைப்புகள் மட்டும் கெட்டிருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுறை போடலாம். பிரிக்பீல்ட்ஸ், பெட்டாலிங் ஜெயா போன்ற இடங்களின் பழைய வீடுகளில், சமையலறைத் தரைக்கு அடியில் ஓடும் குழாய்க்கு இதை முதலில் விசாரியுங்கள்.

ஆனால் உறை பழைய குழாயின் வடிவத்தைத்தான் எடுக்கும். தொய்வு இருந்தால் தொய்வோடு இறுகும். இடிந்து விழுந்த குழாய்க்குள் போகவே போகாது. கிள்ளானின் மென்மண்ணில் இறங்கிப்போன குழாய்க்கு உள்ளுறை போட்டால் வேர் நிற்கும், ஆனால் கழிவு தேங்குவது நிற்காது.

*தோண்டி மாற்றுதல்.* தொய்வு, இடிவு, சாய்வு தவறிய குழாய் எல்லாவற்றுக்கும் இதுதான் தீர்வு. கோளாறு ஓரிரு மீட்டரில் அடங்கினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். ஒவ்வொரு இணைப்பிலும் வேர் தெரிந்தால் முழுப் பாதையையும் மாற்றுவதே சிக்கனம். துண்டு துண்டாகத் தோண்டினால் கூலியும் டைல்ஸ் செலவும் ஒவ்வொரு முறையும் வரும்.

*பாதையை மாற்றுதல்.* மரமும் காப்பாற்றப்பட வேண்டும், பழைய பாதையும் அதன் அடியில்தான் என்றால், குழாயை வேறு பக்கமாகக் கொண்டுபோகலாம். புதிய இணைப்புக்கு முன் இண்டா வாட்டரிடம் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தோண்டி மாற்றும் வேலை: படிப்படியாக

ஸ்பான் அனுமதி பெற்ற குத்தகையாளரிடம் வேலையைக் கொடுங்கள். நீங்கள் கண்காணிக்க வேண்டியவை இவை:

1. தோண்டும் முன்: தண்ணீர்க் குழாய், மின் கம்பி செல்லும் பாதைகளை அடையாளம் காணுங்கள்.
2. பள்ளம்: 1.2 மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கங்களுக்குப் பலகை முட்டு வேண்டும். ஈரக் களிமண் சொல்லாமல் சரியும். மழைக்கு முன் மூட முடியாத நீளத்தை ஒரே நாளில் திறக்க விடாதீர்கள்.
3. வேர்: குழாயைச் சுற்றியுள்ளதை வாளால் நேராக அறுக்க வேண்டும், இயந்திரத்தால் பிய்த்தால் மரம் அழுகும். மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட வேர்களை அறுக்கும் முன் மரம் அறிந்தவரிடம் கேளுங்கள். தாங்குவேர் போனால் மரம் வீட்டின் மீதே சாயலாம்.
4. படுகை: குழாய்க்கு அடியில் சுமார் 100 மில்லிமீட்டர் மணலோ பொடிக் கல்லோ பரப்ப வேண்டும். செங்கல் துண்டு மேல் குழாயை முட்டுக்கொடுத்து வைக்கக் கூடாது.
5. சாய்வு: 100 மில்லிமீட்டர் குழாய்க்கு 40-க்கு 1, 150 மில்லிமீட்டர் குழாய்க்கு 60-க்கு 1 என்பது பழைய, நம்பகமான கணக்கு. பத்து மீட்டர் ஓட்டத்தில் முதலாவது 25 சென்டிமீட்டரும் இரண்டாவது சுமார் 17 சென்டிமீட்டரும் இறங்க வேண்டும். நீர்மட்டக் குழாயோ லேசரோ வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.
6. இணைப்பு: பழைய மண் குழாயும் புதிய பிவிசியும் சேரும் இடத்தில் எஃகுப் பட்டி கொண்ட ரப்பர் இணைப்பி வேண்டும். சிமெண்டு பூசி ஒட்டினால் அடுத்த வேருக்கு அதுவே வாசல். திருப்பத்தில் 90 பாகை முழங்கை வைக்காமல், இரண்டு 45 பாகை வளைவுகளோ சோதனைக் குழியோ வைக்க வேண்டும்.
7. சுவரோரம்: கிள்ளானில் இதை விடாதீர்கள். குழாய் வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் சுமார் 600 மில்லிமீட்டர் குட்டைத் துண்டு ஒன்றை இருபக்கமும் ரப்பர் இணைப்போடு பொருத்தினால், தளம் இறங்கும்போது குழாய் முறியாமல் மடங்கிக் கொடுக்கும்.
8. சோதனை: மண் மூடும் முன் கீழ்முனையை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் வையுங்கள். மட்டம் இறங்கினால் கசிவு இருக்கிறது. இதைச் செய்யாமல் மூடக் கூடாது.
9. மூடுதல்: குழாய்க்கு மேல் 300 மில்லிமீட்டர் வரை கல்லில்லாத மண்ணைக் கையால் இட்டு, பிறகு அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்த வேண்டும். கார் ஏறும் இடத்தில் ஆழம் குறைவென்றால் மேலே கான்கிரீட் பலகை போடுங்கள்.
10. முடிவு வீடியோ: மறுபடி கேமரா விட்டுப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள்.

குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். குழாயின் வகையும் நீளமும், சோதனைக் குழி, மண் அகற்றுதல், தரை ஓட்டைச் சீராக்குதல், உத்தரவாதக் காலம் எல்லாம் எழுத்தில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

"கழிவைத் தற்காலிகமாக லோங்காங்கில் விட்டுவிடலாம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். நம் நாட்டில் லோங்காங் என்னும் மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. லோங்காங் நேராக ஆற்றுக்குப் போகிறது. அதேபோல் கூரை மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைப்பதும் தவறு; பெருமழையில் உங்கள் வீட்டுக்குள்ளேயே பின்வாங்கும்.

மரத்தை என்ன செய்வது?

வெட்டிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். பொறுங்கள். இணைப்புகள் இறுகிவிட்டால் அதே மரம் அதே இடத்தில் நின்றாலும் குழாய்க்குள் வர வழியில்லை. வெயில் கொளுத்தும் ஊரில் முற்றத்து மாமர நிழலை ஒரு குழாய்க்காக இழக்கத் தேவையில்லை. மரத்துக்கும் குழாய்க்கும் நடுவே 60 முதல் 100 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் வேர்த்தடுப்புத் தகடு இறக்கலாம்.

சாலையோர மரம் உங்களுடையது அன்று. கோலாலம்பூரில் மாநகர் மன்றத்திடமும் கிள்ளானில் அரச மாநகர் மன்றத்திடமும் கேமராப் படத்தோடு மனுக் கொடுங்கள். சிலாங்கூரில் உங்கள் சொந்த மரமானாலும், சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி வெட்டும் முன் மன்றத்தின் எழுத்துவழி அனுமதி வேண்டும். காய்ந்துபோன, ஆபத்தான மரங்களுக்கு விலக்கு உண்டு.

புதிதாக நடும்போது கறிவேப்பிலை போன்ற சிறு மரத்தையும் குழாயிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள்; மா, நாவலுக்கு 6 மீட்டர். அரசும் ஆலும் வரிசை வீட்டுக்கு ஏற்ற மரங்கள் அல்ல. கோயில் வளாகம் போன்ற பரந்த இடமே அவற்றுக்குத் தகும்.

பராமரிப்பு

- பழைய மண் குழாய் உள்ள வீட்டில் ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு, சோதனைக் குழியைத் திறந்து பாருங்கள். அக்டோபர், நவம்பர் பெருமழையும் விருந்தாளிகளும் ஒன்றாக வரும் காலம் அது.
- முறுக்குச் சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்து அப்புறப்படுத்துங்கள். மெல்லிய வேர்கூட எண்ணெய்க் கசடு சேர்ந்தால் முழு அடைப்பாகிவிடும்.
- ஈரத் துடைதாள், பஞ்சு, நாப்கின் எதையும் கழிப்பறையில் போடாதீர்கள்.
- செப்டிக் டேங்க் உள்ள வீடானால் இரண்டு ஆண்டுக்கொரு முறை கசடு எடுக்கவும்.
- சமையலறையை நீட்டிக் கட்டினால் சோதனைக் குழியைத் திறக்கும்படியான மூடியோடு வையுங்கள். பொது மேன்ஹோலின் மேல் கட்டவே கூடாது.

கடைசியாக ஒரு வேலை. வெள்ளைத்தாளில் வீட்டின் உருவத்தை வரைந்து, குழாயின் பாதை, குழிகள், ஆழம், மாற்றிய நீளம், மாற்றிய தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள். இரண்டு வீடியோக்களோடும் உத்தரவாதத் தாளோடும் அதை வீட்டுப் பத்திரக் கோப்பில் வையுங்கள். அடுத்து இந்த வீட்டில் குழாய் பார்க்க வருகிறவருக்கு, அது உங்கள் பிள்ளையானாலும் வீட்டை வாங்குபவரானாலும், எங்கே தோண்ட வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.